ஒரே வாரத்தில் மூன்று பஞ்சர்: டியூப்பை ஒட்டும் முன் டயரைத் தடவுங்கள்

மும்பை சயான் கோலிவாடாவில் வீடு, பி.கே.சி.யில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ்) வேலை. ஜிடிபி நகரில் ரயிலேறி, குர்லாவில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு வரிசையில் நின்று போய்ச் சேர்வதற்குள் சட்டையைப் பிழிந்து காயப்போடலாம். சைக்கிளிலும் வேர்க்கத்தான் செய்கிறது. ஆனால் அது என் வேர்வை மட்டும்.

சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்ட 2024 ஆகஸ்டில் மூடியபோது என் வழி மாறியது. ஆஸ்பத்திரிப் பக்கத்துப் பாலம் ஏறி, தாராவி 60 அடி ரோடு வழியாகப் போக ஆரம்பித்தேன். அந்த மழையிலேயே ஒரு வாரத்தில் மூன்று தடவை பின் டயர் இறங்கியது. இரண்டு தடவை தெருமுனை பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மூன்றாவது தடவை வீட்டில் உட்கார்ந்து நானே ஒட்டினேன். அதே இடத்தில் பிறகு ஓட்டை விழவில்லை. என்ன செய்தேன் என்று எழுதி வைக்கிறேன். சக்கரத்தை ஃப்ரேமிலிருந்து கழற்ற உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வேண்டும்

டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுக்கும் பிளாஸ்டிக் டயர் லீவர் இரண்டு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஒரு பஞ்சர் ஒட்டப் போய் அது இன்னொரு பஞ்சர் போட்டுவிடும். பேட்ச், சொல்யூஷன் என்கிற பசை, உப்புத்தாள் மூன்றும் சேர்ந்த சின்னப் பெட்டி சைக்கிள் கடையில் கிடைக்கும். ஸ்டிக்கர் மாதிரி உரித்து ஒட்டும் பேட்சும் விற்கிறார்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும், அதற்கு மேல் அதை நான் நம்புவதில்லை. சொல்யூஷன் போட்டு ஒட்டியதுதான் நிற்கும்.

நின்றுகொண்டு அடிக்கும் பம்பு, காற்றழுத்தம் காட்டும் மீட்டரோடு, ஒன்று வாங்கிவிடுங்கள். கட்டை விரலால் டயரை அமுக்கிப் பார்த்து "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்வது ஊரில் வாடகை சைக்கிள் எடுத்த காலத்துப் பழக்கம். என் டயரின் பக்கவாட்டில் 40 முதல் 65 பிஎஸ்ஐ வரை என்று அச்சடித்திருக்கிறது. மீட்டர் இல்லாமல் அடித்த நாட்களில் 30கூட இருந்திருக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னும் இரண்டு: கொஞ்சம் பஞ்சு, ஒரு நகவெட்டி. எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

கழற்றுவது

மிச்சக் காற்றை முழுக்க இறக்குங்கள். டயரின் ஓரத்தைச் சுற்றிலும் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினால் டயர் இளகும். லீவரை விட்டு ஒரு பக்க ஓரத்தை மட்டும் வெளியே எடுத்தால் போதும். டியூப்பை உருவும் முன், வால்வுக்கு நேராக டயர் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூப்பில் செயின் பக்கம் எது என்றும் ஒரு புள்ளி வையுங்கள். நான் முதலில் இதைச் செய்யவில்லை. அதன் பலன் கீழே.

ஓட்டை சொல்லும் சேதி

டியூப்பில் காற்றடித்து வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வாருங்கள். குமிழி வரும் இடம் ஓட்டை. ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்திவிடாமல் முழு வட்டமும் பாருங்கள்.

ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். ரோட்டைப் பார்த்த பக்கம் என்றால் கண்ணாடியோ முள்ளோ கம்பியோ குத்தியிருக்கிறது. ரிம்மைப் பார்த்த உள்பக்கம் என்றால், ஸ்போக்ஸ் முனைகளை மூடியிருக்கும் ரிம் நாடா விலகியிருக்கும், அதைச் சரி செய்யாமல் எத்தனை பேட்ச் போட்டாலும் வீண். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பின் இரண்டு பல் பட்டது மாதிரி இருந்தால் எதுவும் குத்தவில்லை. காற்று குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. பேவர் பிளாக் பெயர்ந்த குழிகள் இருக்கும் வரை மும்பையில் இந்த மூன்றாவது வகைக்குப் பஞ்சமே இருக்காது.

நான் சறுக்கிய இடம்

பஞ்சர் கடைச் சாச்சா இரண்டாவது தடவை ஒட்டிக் கொடுக்கும்போது, "அந்தர் தார் ஹோகா, தேக் லேனா" என்றார். எனக்கு அப்போது இந்தி அரைகுறை. தூத்துக்குடியிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. "தார்" என்ற சொல் மட்டும் பளிச்சென்று புரிந்தது. புதுசாகத் தார் போட்ட ரோட்டில் போயிருக்கிறாய், டயரில் தார் ஒட்டியிருக்கிறது, பார்த்துக்கொள் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். கொட்டுகிற மழையில் எவன் தார் போடுவான் என்றுகூட யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, பெயின்ட் அடித்து மிச்சமிருந்த தின்னரைத் துணியில் நனைத்து டயரின் வெளிப்பக்கத்தை அரைமணி நேரம் துடைத்தேன். (செய்யாதீர்கள். தின்னர் ரப்பருக்கு ஆகாது.) மறுநாளே டயர் திரும்பவும் இறங்கியது.

அன்று மாலை எங்கள் பில்டிங்குக்கு வந்த எலெக்ட்ரீஷியன் என் பக்கம் கையை நீட்டி, "வோ தார் தேனா" என்று ஒயரைக் கேட்டார். அப்போதுதான் உறைத்தது. இந்தியில் தார் என்றால் கம்பி. உள்ளே கம்பி இருக்கும், பார் என்று அந்த மனுஷன் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்.

லாரி, பஸ் டயர்களின் உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் உண்டு. அவை வெடித்துச் சிதறினால் மிக மெல்லிய கம்பித் துண்டுகள் ரோட்டில் கிடக்கும். சைக்கிள் டயரில் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். டியூப்பை ஒட்டி மாட்டுவீர்கள், பத்து கிலோமீட்டரில் அதே இடத்தில் திரும்பக் குத்தும்.

கண்டுபிடிக்கும் வழி இதுதான். டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறது என்று பார்த்து, டயரில் சாக்பீஸ் கோட்டிலிருந்து அதே தூரம் அளங்கள். (கோடும் புள்ளியும் போடாத நான் டயர் முழுக்கத் தேட வேண்டியதாயிற்று.) அந்த இடத்தில் டயரை உள்பக்கம் வெளியே வரும்படி பிதுக்கி, பஞ்சை மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். கம்பி இருந்தால் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறிவிடும், சில சமயம் ஏறாமல் ஏமாற்றியும்விடும். பஞ்சு மாட்டிய இடத்தில் நகவெட்டியால் கம்பியின் முனையைக் கவ்வி இழுத்துவிடுங்கள். கவ்வ வேண்டும், வெட்டிவிடக் கூடாது. எனக்கு வந்தது அரிசி நீளம்கூட இல்லை.

ஒட்டுவது

ஓட்டையைச் சுற்றி, பேட்சை விடச் சற்று அகலமாக, டியூப் பளபளப்பு போகும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். தூசியைத் துடைத்துவிட்டுச் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஐந்து நிமிடம். ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைத்தால் நழுவும், ஒட்டாது. சொல்யூஷனின் மினுமினுப்பு அடங்கி, ஓரத்தில் தொட்டால் விரலில் வராத பதம் வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கூடும். பேட்சின் அடித்தாளை உரித்து வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். மேலே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்க வேண்டாம், அதோடு சேர்ந்து பேட்சும் கிளம்பிவிடும். சுற்றி மிச்சமிருக்கும் பசை டயரில் ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் முகப் பவுடர் தூவுங்கள்.

திரும்ப மாட்டும்போது டியூப்பில் வட்டமாக நிற்கிற அளவுக்கு மட்டும் காற்று ஊதிக்கொள்ளுங்கள். வால்வைத் துளையில் விட்டு டியூப்பை உள்ளே வைத்தபின், டயரின் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் வந்து முடியுங்கள். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டுக் கடைசி ஒரு சாண் ஏறவில்லை என்று லீவரைத் தூக்குகிறார்கள். வால்வு இருக்கும் இடத்தில் டயரின் ஓரம் நடுப்பள்ளத்தில் இறங்க முடியாது, அதனால்தான் அதைக் கடைசிக்கு வைப்பது. உள்ளங்கையால் உருட்டித் தள்ளினாலே ஏறிவிடும். ஏறியதும் வால்வை ஒரு தடவை உள்ளே அமுக்கி விடுங்கள், அடியில் டியூப் மாட்டியிருந்தால் விடுபடும். இரண்டு பக்கமும் டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் காற்றடியுங்கள்.

ஒட்டி முடித்து ரோட்டில் இறங்கும் முன்

சக்கரத்தைக் கழற்ற பிரேக் கம்பியைக் கொக்கியிலிருந்து விடுவித்திருப்பீர்கள். அதைத் திரும்ப மாட்டினீர்களா? நான் மாட்டவில்லை. முதல் பஞ்சரை நானே ஒட்டிய பெருமையில் பாலம் ஏறி, இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்தால் லீவர் கைப்பிடி வரை வந்து படுத்துக்கொண்டது. முன் பிரேக்கால் மெல்ல மெல்லத் தப்பித்தேன். இப்போதெல்லாம் வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்காமல் ஏறுவதில்லை.

மழையில் ரிம் ஈரமாக இருக்கும்போது பிரேக் பிடித்ததும் நிற்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே லேசாகப் பிடித்து, பிரேக் கட்டை தண்ணீரைத் துடைக்க விட்டு, பிறகு அழுத்துங்கள்.

ஓரம் பாதுகாப்பானது என்று நினைத்து நான் இடது ஓரத்தை ஒட்டியேதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மழைத்தண்ணீர் ரோட்டிலிருக்கும் கண்ணாடி, கம்பி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது அந்த ஓரத்தில்தான். ஈர ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வேறு கிழிக்கும். நிறுத்தியிருக்கும் டாக்சியின் கதவு திறப்பதும் அங்கேதான். ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடித்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். பெஸ்ட் பஸ் (மும்பையின் நகரப் பேருந்து) ஸ்டாப்பில் ஒதுங்கும்போது அதற்கும் நடைபாதைக்கும் நடுவில் மட்டும் நுழையவே நுழையாதீர்கள்.

அடி தெரியாத தண்ணீரில் சைக்கிளை விடாதீர்கள். 2017 ஆகஸ்ட் 29 மழையில் வெள்ளத்தில் நடந்து வீட்டுக்குப் போன ஒரு மருத்துவர், திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து இறந்துபோனார். தண்ணீர் தேங்கிய நாளில் நான் சைக்கிளை ஆபீஸிலேயே பூட்டிவிட்டு ரயிலில் வந்துவிடுவேன். அன்றைக்கு அடுத்தவர் வேர்வையும் பரவாயில்லை.

சேர்க்கை: செம்பூரிலிருந்து ஒருவர், சொன்னபடியே ஒட்டியும் காலையில் பேட்ச் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது என்று எழுதியிருந்தார். படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். டியூப்பின் நீளத்துக்கும் ஒரு மேட்டு வரி ஓடும், அச்சில் வார்த்த அடையாளம். அவருடைய ஓட்டை அந்த வரியை ஒட்டி இருந்தது. வரியைத் தேய்த்து மட்டமாக்காவிட்டால் அதன் ஓரம் வழியாகக் காற்று பேட்சுக்கு அடியில் நுழைந்துவிடும். இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

இன்னொரு சேர்க்கை: அப்பாவின் பழைய பெரிய சைக்கிளை ஊரிலிருந்து தாராவிக்குக் கொண்டுவந்த ஒரு தம்பி, "டியூப்பைத் தண்ணியில முக்கினா ஒரு குமிழிகூட வரல, ஆனா ராத்திரிக்குள்ள காத்து இறங்கிடுது அண்ணே" என்று கேட்டிருந்தார். அந்த வண்டிகளில் இருப்பது டன்லப் வால்வு. 1887-88-இல் பெல்ஃபாஸ்டில் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்த ஜான் பாய்ட் டன்லப்பின் பெயர்தான் அது. அதற்குள் வால்டியூப் என்று ஒரு சின்ன ரப்பர் குழாய் உண்டு. வெயிலிலும் பழமையிலும் அது விறைத்து வெடித்துவிடும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள், குமிழி அங்கே வரும் என்றேன். வந்ததாம். சில்லறைக் காசுக்கு ஒரு துண்டு வால்டியூப் வாங்கி, பழையதை உருவிவிட்டு, எச்சில் தொட்டுப் புதியதை ஏற்றியிருக்கிறார். மறுநாள் காலையில் காற்று அப்படியே இருந்தது என்று எழுதியிருந்தார்.