கார் பாலிசியில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் இருக்கிறதா?

அமெரிக்காவில் கார் வைத்திருப்பவர்கள், பாலிசியின் முதல் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓட்டுநர்கள் பட்டியல் அங்கேதான் இருக்கும்.

இந்தியாவில் காப்பீடு வண்டியோடு போகிறது. செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் யார் ஓட்டினாலும் பெரும்பாலும் கவலையில்லை. அதே நினைப்பில் இங்கே இருந்துவிடாதீர்கள். ஒரே வீட்டில் வசிக்கும், ஓட்டும் வயது வந்த அனைவரின் பெயரையும் காப்பீட்டு நிறுவனங்கள் கேட்கின்றன, அறைத்தோழர் உட்பட. எப்போதாவது வண்டியை வாங்கிச் செல்லும் நண்பர் வேறு, கூடவே குடியிருப்பவர் வேறு. பிரீமியம் ஏறுமே என்று மறைத்தால், விபத்துக்குப் பிறகு இழப்பீட்டையே மறுக்கக்கூடும்.

என் மகனுக்குப் பழகுநர் உரிமம் கிடைத்த அன்றே முகவரிடம் சொல்லிவிட்டேன். "இப்போது கட்டணம் இல்லை, முழு உரிமம் வந்ததும் கூப்பிடுங்கள்" என்றார். வந்தது, பிரீமியமும் எகிறியது. மதிப்பெண் பட்டியலை அனுப்பியதும் கொஞ்சம் இறங்கியது. சராசரி 'பி' தரம் இருந்தாலே பல நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. பிள்ளை காரில்லாமல் 100 மைலுக்கு அப்பால் படித்தால் அதற்கும் தனித் தள்ளுபடி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

செலவைக் குறைக்க ஒருவரை 'விலக்கப்பட்ட ஓட்டுநர்' ஆக்கவும் பல மாநிலங்களில் வழியிருக்கிறது. ஆனால் அவர் அவசரத்துக்குப் பால் வாங்க ஓட்டினாலும் பாதுகாப்பு கிடைக்காது. ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்கும் அப்பா ஓட்டுவதாக இருந்தால், சாவியைக் கொடுக்கும் முன் முகவரிடம் கேட்டுவிடுங்கள்.