டைப் 224: தெர்மோகோல் கிளைடர் செய்யும் முறை

சூப்பர்மெரின் டைப் 224 என்ற சோதனைப் போர் விமானம் 1934 பிப்ரவரி 19-இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு முன்பு ஆர். ஜே. மிட்செல் வடிவமைத்தது. இறக்கை விரிவு 13.97 மீட்டர், நீளம் 8.97 மீட்டர். இருபதில் ஒரு பங்கென்றால் 70 செ.மீ., 45 செ.மீ.

உயிர்நாடி இறக்கையின் வளைவுதான். முன்னிருந்து பார்த்தால் தட்டையான W. 5 மி.மீ. தெர்மோகோலில் நான்கு துண்டுகள் வெட்டுங்கள்: உள்துண்டு 9 செ.மீ., வெளித்துண்டு 26 செ.மீ., பக்கத்துக்கு ஒவ்வொன்று. அகலம் நடுவில் 13, நுனியில் 6 செ.மீ.; முன்விளிம்பு நேராக இருக்கட்டும். முழங்கை மூட்டு நடுவைவிட 2 செ.மீ. தாழ வேண்டும், நுனி அங்கிருந்து 5 செ.மீ. உயர வேண்டும். முழங்கையில் மேல்விளிம்பையும், நடுமூட்டில் கீழ்விளிம்பையும் உப்புத்தாளால் சரித்துவிட்டு ஒட்டுங்கள். இல்லையேல் மூட்டு வாய்பிளக்கும்.

பட்டம் கட்டும் 3 மி.மீ. மூங்கில் சிம்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி மூன்று இடத்தில் வளையுங்கள். ஆறும்வரை பிடியை விடக்கூடாது. முன்விளிம்பிலிருந்து 3.5 செ.மீ. தள்ளி, அடிப்பக்கம் கீறிப் பதியுங்கள். ஃபெவிகால்தான் ஏற்றது, சூப்பர் க்ளூவும் ஸ்ப்ரே பெயின்டும் தெர்மோகோலைக் கரைத்துவிடும்.

உடலுக்கு இரண்டு தகடு சேர்த்தொட்டினால் போதும். வால் இறக்கை 24 × 5.5 செ.மீ.; அளவுக்குச் சற்றுப் பெரிதுதான், சின்னதானால் நிலைக்காது. சக்கர உறைகளை முழங்கைக்குக் கீழே ஒட்டுங்கள். அசலில் கோஷாக் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகி, அந்த நீராவி இறக்கையின் முன்விளிம்பில் குளிர்ந்து, இந்த உறைகளுக்குள்தான் நீராகச் சேரும். கொதிநிலையை ஒட்டிய அந்த நீர், மேலே இறைக்கும்போது அழுத்தம் குறைந்து மறுபடி ஆவியாகிப் பம்பை முடக்கியது. வேகமும் மணிக்கு 367 கி.மீ.யைத் தாண்டவில்லை.

மொத்த எடை 80 கிராமுக்குள் நிற்கட்டும். முன்விளிம்பிலிருந்து 2.7 செ.மீ.யில் இரு விரல் நுனியால் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் தூண்டில் ஈயம் சேருங்கள்.

பறக்கவிட ஏற்றது நாஞ்சில் நாட்டில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த வயல், காலை ஏழு மணிக்குள், கடற்காற்று எழும்புமுன். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் வேண்டவே வேண்டாம். தோள் உயரத்தில், மூக்கைச் சற்றே தாழ்த்தி, எறியாமல் தள்ளிவிடுங்கள். ஏறி நின்று விழுந்தால் ஒரு கிராம் ஈயம் கூட்டுங்கள். நேராகக் குத்தினால் வாலின் பின்விளிம்பை 2 மி.மீ. மேலே மடியுங்கள். ஒரே பக்கம் சாய்ந்தால் ஈயத்தைத் தொடாதீர்கள். ஏதோ ஒரு முழங்கை மற்றதைவிடத் தாழ்ந்திருக்கும்.