ஐந்தாம் படிவத்து ஆசைகளை வீட்டில் சொல்வது எப்படி

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் அரசுத் தேர்வு எஸ்.பி.எம். அதை எழுதப்போகும் ஆண்டில் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன. ‘நான் இந்த வேலைக்குப் போக ஆசைப்படுகிறேன்’ என்பது ஒன்று. ‘எனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது’ என்பது மற்றொன்று. முதலாவதைச் சொன்னால் சிரிப்பார்கள், இரண்டாவதைச் சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, இரண்டையும் தோழிகளிடம் மட்டுமே சொல்லிச் சொல்லி ஆண்டு ஓடிவிடுகிறது. நான் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். வயது 18. செபராங் பிறை பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறேன். இரண்டு பேச்சையும் வீட்டில் பேசிய பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தேன். எதைத் தயார் செய்துகொண்டு, எந்த நேரத்தில், எந்தச் சொற்களில் பேசினால் வீட்டார் காது கொடுப்பார்கள் என்பதை இப்போது ஐந்தாம் படிவத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

ஆசையை ஒரு நாள் வேலையாகச் சொல்லிப் பாருங்கள்

‘இன்ஜினியர் ஆவேன்’ என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் எதுவும் விளங்காது. அவர் காலையில் எங்கே போகிறார், எதைக் கையில் எடுக்கிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதை நீங்கள் சொல்ல முடிந்தால்தான் அப்பா அம்மாவால் அதைக் கற்பனை செய்ய முடியும்.

என் அம்மா பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். 1972இல் அங்கே இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்ததிலிருந்து எத்தனையோ பெண்கள் பார்த்துவரும் வேலை அது. தொழிற்சாலைப் பஸ் அவரை ஏற்றிக்கொண்டு பினாங்குப் பாலத்தைத் தாண்டிப் போகும். பகல் ஷிப்டு காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை. இரவு ஷிப்டு அதற்கு நேர்மாறு. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பி சிப்பில் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியை மடித்துக் கண்களின் மேல் போட்டுக்கொண்டு, படுத்தபடியே அன்றைய கதையைச் சொல்வார். அந்தக் கதையில் அடிக்கடி ஒரு டெக்னீஷியன் வருவார். இயந்திரம் நின்றால் அதன் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். டெக்னீஷியன் வரும்வரை அம்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைய எண்ணிக்கை குறையும். அவர் வருவார், மூடியைத் திறப்பார், உள்ளே எதையோ சரிசெய்வார், பச்சை விளக்கு எரிந்ததும் போய்விடுவார். ‘உள்ளே என்னம்மா செய்தார்?’ என்று கேட்பேன். ‘எனக்கு எப்படித் தெரியும்? எங்களைத் திறக்க விடமாட்டார்கள்’ என்பார். அந்த மூடியைத் திறக்கும் ஆளாக வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. இதை இப்படியேதான் வீட்டில் சொன்னேன். ‘மின்னியல் துறை’ என்று தொடங்கியிருந்தால் அம்மாவின் முகத்தில் அந்த மாற்றத்தைப் பார்த்திருக்க முடியாது.

உங்கள் ஆசை எதுவானாலும், அந்த வேலையைச் செய்கிற ஒருவரையாவது நேரில் பார்த்துப் பேசுங்கள். நம் உறவில் இல்லாவிட்டால் கோயிலில், பள்ளி முன்னாள் மாணவர்களில், அண்டை வீட்டில் தேடுங்கள், யாராவது அகப்படுவார்கள். சம்பளத்தைக் கடைசியில் கேளுங்கள். ‘நேற்று வேலையில் என்ன செய்தீர்கள்?’ என்று முதலில் கேளுங்கள். ‘இந்த வேலையில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன?’ என்று அடுத்துக் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை மறைக்காமல் வீட்டிலும் சொல்ல வேண்டும். குறையையும் சேர்த்துச் சொல்கிற பிள்ளையைப் பெரியவர்கள் நம்புகிறார்கள்.

ஒரு தாளில் வழியை எழுதுங்கள்

பேசப் போகும் முன் ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். எங்கே சேர்வது, என்ன தகுதி, எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு என்று நான்கு விவரம் போதும். நான் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறாம் படிவம் போனால் மூன்று பருவம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, வீட்டிலிருந்தே போய்வரலாம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தால் பெரும்பாலோருக்கு ஓராண்டு. பினாங்கு மெட்ரிகுலேஷன் கல்லூரி கெப்பாலா பத்தாஸ் பக்கம் இருக்கிறது, விடுதியில் தங்க வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளோமா மூன்று ஆண்டு. அதில் ஒரு பருவம் தொழிற்சாலையிலேயே பயிற்சி. டிப்ளோமா முடித்து வேலைக்கும் போகலாம், பட்டப்படிப்புக்கும் போகலாம். எனக்குத் தொழிற்சாலைப் பயிற்சி வேண்டும் என்பதால் மூன்றாவதன் அடியில் கோடு போட்டேன்.

தகுதி என்ற இடத்தில் எல்லாரும் மதிப்பெண் கணக்கைத்தான் எழுதுவார்கள். அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது, வரலாறு 2013 முதல் அப்படி ஆகிவிட்டது. கணிதத்திலும் அறிவியலிலும் மட்டும் மூழ்கியிருக்கும் பிள்ளைகள் இதை மறந்துவிடக் கூடாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக ஆசைப்படுகிறவர்கள் தமிழ்மொழிப் பாடத்தை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ‘எட்டுப் பாடம் போதும், தமிழ் கூடுதல் சுமை’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதை நான் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். தமிழை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் நிபந்தனைகளைப் படித்து அழுத அக்காக்களை எனக்குத் தெரியும்.

செலவில் பஸ் கட்டணம், சாப்பாடு, விடுதி வரைக்கும் எழுதுங்கள். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வாங்க நினைத்தால், அது கடன் என்பதையும் படிப்பு முடிந்த பிறகு நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். என் அப்பா கொள்கலன் லாரி ஓட்டுகிறார். கடன் என்ற சொல் அவரைத் தூங்கவிடாது. அதனால் அவர் கேட்கும்வரை காத்திராமல் நானே எடுத்துச் சொன்னேன்.

நேரம் பார்த்துப் பேசுங்கள்

இரவு ஷிப்டுக்குப் புறப்படும் அம்மாவிடமும், லாரியை நிறுத்திவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்த அப்பாவிடமும் எதையும் தொடங்காதீர்கள். இருவருக்கும் விடுமுறை கிடைக்கும் காலையில், பசியாறி முடித்த பிறகு, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். தாளை அவர்கள் கையில் கொடுங்கள். நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம், அவர்களே படிக்கட்டும். என் அப்பா நெடுநேரம் படித்தார். ‘பெண்பிள்ளை இயந்திரத்தின் கீழே படுத்து வேலை செய்வதா?’ என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் வாதாடவில்லை. ‘அம்மா இத்தனை ஆண்டு அந்த இயந்திரத்தின் பக்கத்தில்தானே நிற்கிறார், அப்பா’ என்றேன். அதற்கு அம்மாதான் சிரித்தார். அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முடிவு அன்றே வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாள் அவர்களிடம் இருக்கட்டும்.

பெரியவள் என்று சொல்லாமல் செய்து காட்டுங்கள்

இது சின்ன விஷயம், ஆனால் இரண்டு பேச்சுக்கும் அடித்தளம். 18 வயதில் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். பதிவு இலாகாவுக்கு நீங்களே போய் வரிசையில் நில்லுங்கள். அதே வயதில் வாக்காளர் பட்டியலில் பெயர் தானாகவே ஏறிவிடுகிறது. விவரம் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், பாட்டியின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். கிளினிக்கில் தம்பிக்கு மலாயில் பேசி மருந்து வாங்கி வாருங்கள். சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வீட்டில் நமக்குக் கிடைக்கும் சுதந்திரம் இப்படித்தான் கூடுகிறது.

காதலைப் பற்றி

எனக்கு அவனைப் பிடித்துப்போனது தைப்பூசத்தன்று. தண்ணீர்மலை அடிவாரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நானும் தோழிகளும் தொண்டு செய்தோம். அவன் வேறு பள்ளி. 513 படி ஏறி இறங்கி வருகிறவர்களுக்குச் சிராப் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒரு வயதான அம்மாவால் குவளையைப் பிடிக்க முடியவில்லை, கை நடுங்கியது. அவன் ஒன்றும் பேசாமல் தன் இரண்டு கைகளையும் அவர் கைகளின் அடியில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அப்படியே நின்றான். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினேழு வயதில் இப்படி ஓர் ஆளைக் கண்டு மனம் நிறைவது தவறு என்று யாரும் உங்களைக் குற்றவாளியாக்க விடாதீர்கள்.

ஆனால் பொறுமையாக இருங்கள். பிடித்திருக்கிறது என்பதைச் சொல்வதற்கு முன்னால், சொன்ன பிறகும் கூட, சிலவற்றைக் கவனியுங்கள். ‘நாளைக்குச் சோதனை, இன்று பேச முடியாது’ என்றால் அவன் முகம் எப்படி மாறுகிறது? உங்கள் தோழிகளோடு நீங்கள் போவதை அவனால் பொறுக்க முடிகிறதா? தன் அம்மாவிடம் எந்தக் குரலில் பேசுகிறான்? கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்கிறானா? கேட்டால் கொடுக்காதீர்கள். படம் அனுப்பு என்று கேட்டால் கண்டிப்பாகக் கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவரின் அந்தரங்கப் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ‘உனக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்டால், அந்தக் கேள்வியே உங்களுக்கு வேண்டிய பதில். தம்பிகளுக்கும் சொல்கிறேன்: ஒரு பெண் ‘வேண்டாம்’ என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் தோழிகளைத் தூது அனுப்பாதீர்கள், அவள் ஏறும் பஸ்ஸில் ஏறாதீர்கள்.

நாங்கள் இருவரும் எஸ்.பி.எம். முடியும்வரை தனியாக எங்கும் சந்திப்பதில்லை என்று பேசிவைத்துக்கொண்டோம். வரலாற்றுக் குறிப்புகளைப் பரிமாறிக்கொண்டோம். காதலுக்கு அதுவே நிறைய இடம் கொடுத்தது. குறிப்பின் ஓரத்தில் அவன் எழுதும் சின்னச் சின்ன வரிகளுக்காகவே நான் வரலாறு படித்தேன்.

வீட்டில் இதைச் சொல்லும்போது கனவைச் சொன்ன அதே நாளில் சொல்லாதீர்கள். இரண்டையும் சேர்த்தால், ‘அந்தப் பையனுக்காகத்தான் இந்தப் படிப்பா?’ என்ற சந்தேகம் வரும். அப்பா அம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொல்லவும் வேண்டாம். யார் முதலில் கேட்டால் தாங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அம்மா, சித்தி, அக்கா யாராகவும் இருக்கலாம். கை வேலையாக இருக்கும்போது பேசுவது நல்லது. முகத்தை முகம் பார்க்க வேண்டியிராது. அம்மா கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கட்டை எடுத்து ஆய்ந்தபடி, ‘அம்மா, எனக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்ல நினைத்தேன்’ என்றேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை.

‘எந்தப் பள்ளி?’

சொன்னேன்.

‘அவன் அம்மாவுக்குத் தெரியுமா?’

‘தெரியும். அவனும் சொல்லிவிட்டான்.’

தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். ‘மாடிப்படியில் நின்று பேசுவது, மூலையில் நின்று பேசுவது எல்லாம் எனக்குப் பிடிக்காது. வருகிறவன் வாசல் வழியாக வரட்டும், அப்பா வீட்டில் இருக்கும்போது வரட்டும்’ என்றார். அதற்கு மேல் அன்று பேச்சில்லை. அவன் தீபாவளிக்கு வந்தான். பலகாரத் தட்டை வைத்துக்கொண்டு அப்பாவிடம் லாரி டயரைப் பற்றி நெடுநேரம் பேசினான்.

பாட்டிதான் கலங்கிப்போனார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பதினாறு வயதில் கல்யாணம் ஆனவர். காதல் என்றால் அவருக்கு ஓடிப்போவது என்றுதான் பொருள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தை விளக்கினேன். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர் திருமணம் செய்ய அப்பாவின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் பாட்டி, நான் நினைத்தாலும் இப்போது யாரும் பதிவு செய்ய மாட்டார்கள் என்றேன். ‘அப்படியா, அப்போது எங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லையே’ என்றார். பிறகு தன் கல்யாணக் கதையை முதல்முறையாக என்னிடம் முழுக்கச் சொன்னார். உங்கள் வீட்டிலும் பாட்டி இருந்தால் அவரிடம் கேளுங்கள். நம்மைவிடச் சின்ன வயதில் அவர்கள் எதைத் தாங்கினார்கள் என்று தெரிந்தால், அவர்களின் பயத்தின்மீது நமக்குக் கோபம் வராது.

மறுத்துவிட்டால்

சில வீடுகளில் பேச்சு அடியில் போய் முடியும். அப்படிப்பட்ட வீடு என்றால் தனியாகப் பேசப் போகாதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ நம்பிக்கையான உறவினரிடமோ முதலில் சொல்லுங்கள். கை நீட்டினால் 15999 என்ற தாலியான் காசே அரசாங்க உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மற்ற வீடுகளில் ‘முடியாது’ என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பயத்தின் பதில். எந்தப் பயம் என்று கேளுங்கள். பணமா, தூரமா, ஊர் பேசுமே என்பதா? பணம் என்றால் தாளில் பதில் இருக்கிறது. தூரம் என்றால் அப்பாவையே கூட்டிக்கொண்டு போய் வளாகத்தைக் காட்டுங்கள். பெர்மாத்தாங் பாவில் எங்கள் வளாகத்து வாசலைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் என் அப்பா அதை ‘உன் பள்ளி’ என்று சொல்லத் தொடங்கினார். ஊர்ப்பேச்சுக்கு மட்டும் காலம்தான் வேண்டும்.

இதற்கிடையில் விண்ணப்பத் தேதி யாருக்காகவும் காத்திராது. வீடு சொல்லும் படிப்புக்கும் உங்கள் மனம் சொல்லும் படிப்புக்கும், இரண்டுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். விண்ணப்பிப்பதால் யாரும் எதற்கும் கட்டுப்பட்டுவிடுவதில்லை. விண்ணப்ப எண்ணையும் கடைசித் தேதியையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி, அடையாள அட்டையின் நகல், பிறப்புப் பத்திர நகல் ஆகியவற்றோடு ஒரே உறையில் போட்டு, உறை எங்கே இருக்கிறது என்று அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்.