டயமண்ட் என்றால் என்ன? ஒன்லைன் கேமில் காசு போகும் இடங்களும் நாம் விடும் தவறுகளும்

ஹட்டன் பக்கம் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோ கொப்பி, கரண்ட் பில், இவைதான் வியாபாரம். தோட்டத்தில் சம்பளம் போட்ட அன்று சாயங்காலம் பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் பையன்கள் வருவார்கள். கொப்பித் தாளில் எழுதிய நீண்ட இலக்கம் ஒன்றை நீட்டி, “அண்ணே, இந்த ஐடிக்கு டயமண்ட் போடுங்க” என்பார்கள். நானும் போட்டுக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் ஓர் அம்மா வந்தார். மகன் அந்த மாதத்தில் என்னிடம் கொடுத்த காசு எவ்வளவு என்று கேட்டார். கூட்டிப் பார்த்தோம், மூவாயிரத்துக்கு மேல். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. அவர் இரண்டு நாளுக்கு மேல் மழையிலும் பனியிலும் நின்று பறித்த கொழுந்து அது. என்னைத் திட்டவில்லை. “டயமண்ட்னா என்னா தம்பி?” என்று மட்டும் கேட்டார். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததையும் கடையில் பார்த்ததையும் சேர்த்து இப்போது சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், டயமண்ட் என்பது ஃப்ரீ ஃபயர் என்ற போன் கேமில் உண்மைக் காசு கொடுத்து வாங்கி, அந்தக் கேமுக்குள் மட்டும் செலவழிக்கும் காசு. ஐடி என்பது அதில் பையனின் கணக்கு இலக்கம்.

இலவசம் என்று நம்புவது

முன்பெல்லாம் கேம் வேண்டுமென்றால் சிடி வாங்க வேண்டும், அல்லது மாதச் சந்தா கட்ட வேண்டும். 2004இல் வந்த வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்டுக்கு அமெரிக்காவில் மாதம் சுமார் 15 டொலர். கட்டாதவர் உள்ளேயே போக முடியாது. இன்று ஃப்ரீ ஃபயர், பப்ஜி மொபைல், ஃபோர்ட்நைட் எதையும் இறக்கிக்கொள்ள ஒரு சதம் வேண்டாம். ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் கடைசிவரை காசு கட்டுவதும் இல்லை.

அவர்களால் கம்பனிக்கு என்ன பயன் என்றால், கூட்டம்தான் பயன். ஃப்ரீ ஃபயரின் வழமையான போட்டி ஒன்றில் ஐம்பது பேர் இறங்குகிறார்கள். கேமில் தன் உருவத்துக்குக் காசு கொடுத்து உடுப்பு வாங்கியவர் அதைக் காட்டுவதற்கு ஆள் வேண்டும், தோற்கடிப்பதற்கும் ஆள் வேண்டும். காசு கட்டாதவர்கள் அந்த இடத்தை நிரப்புகிறார்கள். வருமானத்தின் பெரும்பகுதி அள்ளிச் செலவழிக்கும் ஒரு சிலரிடமிருந்து வருகிறது. கேம் துறையில் அவர்களைத் திமிங்கிலங்கள் என்று சொல்வார்கள்.

திமிங்கிலம் என்றதும் யாரோ கோடீஸ்வரர் என்று நினைக்க வேண்டாம். வீட்டு வருமானத்தோடு வைத்துப் பார்த்தால், மாதம் மூவாயிரம் போடும் லயத்துப் பையன் கொழும்பில் முப்பதாயிரம் போடும் பணக்காரப் பையனைவிடப் பெரிய திமிங்கிலம்.

டயமண்டை ரூபாவாக மாற்றிப் பார்க்காதது

எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு இதுதான் என்பது என் எண்ணம்.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நம் அம்மாக்கள் தராசிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. ஈரத்துக்கு இத்தனை கிலோ, கூடைக்கு இத்தனை என்று கழித்தால், ஏன் இவ்வளவு கழிக்கிறீர்கள் என்று அங்கேயே கேட்பார்கள். அதே வீட்டில் டயமண்டுக்குக் கணக்குக் கேட்க ஒருவரும் இல்லை. கேட்பதற்கு அங்கே ரூபாவே கண்ணில் படுவதில்லை. காசு ஒரு தடவை டயமண்டாகவோ, பப்ஜியில் யூசியாகவோ, ரொப்லொக்ஸில் ரொபக்ஸாகவோ மாறிவிட்டால் அப்புறம் நடக்கிற ஒவ்வொரு செலவும் வெறும் எண்தான். காசு போகிறது என்ற வலி முதல் தடவையோடு முடிந்துவிடுகிறது.

டயமண்ட் விற்கும் பொதிகளின் அளவையும் பாருங்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன், எண்கள் நான் போட்டவை. ஒரு சட்டை 400 டயமண்ட். விற்கும் பொதிகளோ 310, 520. சட்டை வேண்டுமென்றால் 520 வாங்க வேண்டும், 120 மிஞ்சும். அந்த 120க்கு உருப்படியாக ஒன்றும் கிடைக்காது, சும்மா விடவும் மனம் கேட்காது. “இன்னும் கொஞ்சம் போட்டா அது வீணாகாதே அண்ணே” என்று பையன் திரும்பக் கடைக்கு வருவான். பொதியை இப்படி அமைப்பதே அந்த மிச்சம் கையில் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே அந்தச் சட்டையின் விலை 400 டயமண்ட் என்று நினைப்பது பிழை. 520 டயமண்ட் பொதிக்கு எத்தனை ரூபா கொடுத்தீர்களோ அதுதான் விலை. வாங்கும் முன் அதை ஒரு தாளில் ரூபாவில் எழுதுங்கள். அடுத்து, அது வீட்டில் எத்தனை நாள் பேர், அதாவது எத்தனை நாள் சம்பளம், என்றும் எழுதுங்கள். இதை எழுதிப் பார்த்த பையன்களில் பாதிப் பேர் என் கடை வாசலிலேயே மனதை மாற்றியிருக்கிறார்கள்.

“இன்றைக்கு மட்டும்”, “முதல் தடவை போட்டால் இரட்டிப்பு” என்று ஓடும் கடிகாரங்களும் இந்தக் கணக்கைப் போட விடாமல் அவசரப்படுத்துவதற்கே. போன ஒப்பர் பெயர் மாறி அடுத்த மாதம் வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்த சுற்றில் விழும் என்று சுற்றிக்கொண்டே இருப்பது

ஹட்டன் பஸ் நிலையத்தில் லொத்தர் விற்கிறவரிடம் பத்து வயதுப் பிள்ளை காசை நீட்டினால் பெரியவர்கள் யாராவது அதட்டுவார்கள். அதே பிள்ளை போனில் டயமண்ட் கட்டி, ஸ்பின் என்ற பரிசுச் சக்கரம் சுற்றினால் யாரும் அதட்டுவதில்லை. சீட்டிழுப்புக்காவது இரவுவரை காத்திருக்க வேண்டும். ஸ்பின் ஐந்து செக்கனுக்கு ஒரு தடவை.

இங்கே நடக்கும் பிழை ஒரு கணக்குப் பிழை. ஒரு பொருள் விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்றால், நூறு தடவை சுற்றினால் கட்டாயம் விழும் என்று பையன்கள் நம்புகிறார்கள். அப்படி இல்லை. நூறு பேர் ஆளுக்கு நூறு தடவை சுற்றினால், சுமார் 37 பேருக்கு அது ஒரு தடவைகூட விழாது. முன்பு 99 தடவை தோற்றது அடுத்த சுற்றுக்கு எந்த உதவியும் செய்யாது. ஊசி அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் “கொஞ்சத்தில தப்பிருச்சு” என்பார்கள். பொதுவாகப் பொத்தானை அழுத்திய உடனேயே முடிவு தீர்மானமாகிவிடுகிறது. ஊசி நகர்வது நாம் பார்ப்பதற்கான காட்சி.

சில கேம்களில் இத்தனை தடவை சுற்றினால் கட்டாயம் கிடைக்கும் என்று எல்லை வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் முதல் சுற்றின் விலையைப் பார்க்காதீர்கள். கடைசிச் சுற்றுவரை போனால் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். முதல் சுற்றைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்து, சுற்றுக்குச் சுற்று விலையை ஏற்றும் வகைகளும் உண்டு.

இது சூதாட்டமா என்று பல நாடுகள் கேட்டுவிட்டன. முழுத் தொகுதியையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற வகைக் குலுக்கலை 2012இல் ஜப்பான் நிறுத்தியது. வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற சீனாவின் விதி 2017இல் நடைமுறைக்கு வந்தது, அதே ஆண்டு அப்பிளும் தன் ஸ்டோருக்கு அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு, காசு கொடுத்துத் திறக்கும் பரிசுப் பெட்டிகள் சில கேம்களில் சட்டவிரோதச் சூதாட்டம் என்று முடிவு சொன்னது. 2024 ஜனவரியில் தென்கொரியா நெக்ஸன் கம்பனிக்கு சுமார் 1,160 கோடி வொன் தண்டம் விதித்தது. மேப்பிள்ஸ்டோரி என்ற கேமில் வாய்ப்பு விகிதத்தை ஆடுகிறவர்களுக்குச் சொல்லாமலே மாற்றியதுதான் குற்றம். ஆகவே ஸ்பின் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கேள்விக்குறியையோ விதிமுறைகள் பொத்தானையோ தட்டிப் பாருங்கள். விகிதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். என்னிடம் வந்த பையன்களில் அதைத் தட்டிப் பார்த்தவன் ஒருவன்கூட இல்லை.

“வெறும் உடுப்புத்தானே” என்று பிள்ளையிடம் சொல்வது

இது பெற்றோர் விடும் தவறு. ஃபோர்ட்நைட்டில் உடுப்பு வெறும் தோற்றம்தான், உண்மை. ஆனால் ஃப்ரீ ஃபயரில் துப்பாக்கிக்குப் போடும் ஸ்கின் என்ற மேல் உறைகள் சில, எதிரிக்கு விழும் சேதத்தையும் சுடும் வேகத்தையும் கொஞ்சம் மாற்றும். அதைத் தெரிந்த பிள்ளையிடம் “ஒரு பிரயோசனமும் இல்லை” என்றால், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அத்தோடு கதையை முடித்துவிடுவான். தோற்றம் மட்டும்தான் என்றாலும் அது சின்ன விஷயம் இல்லை. ஆறு பேர் சேர்ந்து ஆடும்போது ஒருவன் மட்டும் ஆரம்பத்தில் கொடுத்த உடுப்போடு நின்றால் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். தீபாவளிக்குப் புது உடுப்பு இல்லாமல் லயத்து வாசலில் நின்றது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைக்கும் அதே கூச்சம்தான். அந்தக் கூச்சத்தைத்தான் கம்பனி விலைக்கு விற்கிறது.

எதிரே யார் வர வேண்டும் என்பதைக்கூட விற்பனைக்காகத் தீர்மானிக்கலாம். புதியவரை, நல்ல ஆயுதம் வைத்திருக்கும் தேர்ந்தவரோடு மோதவிட்டு அந்த ஆயுதத்தில் ஆசை வரவைக்கும் முறை ஒன்றுக்கு அக்டிவிஷன் கம்பனி 2017இல் காப்புரிமை பெற்றது. எந்தக் கேமிலும் அதைப் பயன்படுத்தவில்லை என்று கம்பனி சொன்னது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் இதைச் சொன்னபோது, நூறு புத்திமதிக்குக் கேட்காத காது இதற்குக் கேட்டது.

சீசன் பாஸைப் பற்றி ஒன்று மட்டும். ஒரு சீசனுக்குள் ஆடி ஏறும் படிகளுக்குப் பரிசு தரும், காசு கொடுத்து வாங்கும் சீட்டு அது. சீசன் தொடங்கிய அன்றே வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று பரீட்சைக் காலத்திலும் தினமும் ஆட வேண்டியிருக்கும். பெரும்பாலான கேம்களில் கடைசி வாரத்தில் வாங்கினாலும், அதுவரை ஏறிய படிகளின் பரிசுகள் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும்.

போனைப் பூட்டாமல் விடுவது

2020இல் கொரோனாவுக்காகப் பாடசாலை மூடியபோதுதான் பல லயக் காம்பராக்களுக்கு ஸ்மார்ட் போனே வந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் அம்மா அனுப்பியது, கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அதில் யாருடைய பேங்க் கார்ட் ஒரு தடவை போடப்பட்டது என்பது வீட்டில் எல்லாருக்கும் மறந்துபோகும், போனுக்கு மறக்காது. கார்ட் இல்லாவிட்டாலும் ரீலோட் மீதியிலோ மாத பில்லிலோ கழிக்கும் வசதி இருக்கலாம்.

2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு ஃபோர்ட்நைட்டின் எபிக் கேம்ஸ் கம்பனி மொத்தம் 52 கோடி டொலருக்கு உடன்பட்டது. அதில் 24.5 கோடி, ஒரே பொத்தானில் தெரியாத்தனமாக வாங்க வைத்த விவகாரத்துக்கு. பேங்கில் முறையிட்டவர்களின் கணக்கைக் கம்பனி பூட்டியது என்பதும் ஆணைக்குழுவின் குற்றச்சாட்டு. ஆகவே காசு போய்விட்டால் முதலில் ஸ்டோரிடம் கேளுங்கள். கூகுள் பிளேயில் வாங்கியது 48 மணித்தியாலத்துக்குள் என்றால் காசைத் திருப்பிக் கேட்கும் வழி இருக்கிறது. நமக்குத் தெரியாமல் நடந்த கொள்வனவை 120 நாளுக்குள் அறிவிக்கலாம். கொடுப்பார்கள் என்று உறுதி இல்லை, கேட்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது.

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைக்கலாம். ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்குள் போய்க் கேமுக்குள் வாங்குவதையே நிறுத்தலாம். அந்தப் பாஸ்வேர்ட் பிள்ளையின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம்.

அரை விலைக்கு டயமண்ட், சும்மா டயமண்ட், பெரிய ரேங்க் உள்ள ஐடி விற்பனைக்கு என்று ஃபேஸ்புக்கில் வருவதைத் தொடவே வேண்டாம். ஐடி கைமாறுவதைக் கேம் கம்பனிகள் பொதுவாக ஏற்பதில்லை. விற்றவரே பழைய ஈமெயிலை வைத்து அதைத் திருப்பி எடுத்துவிடலாம். ஓடிபி கேட்டால் யாராக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்த அப்பாமார்களையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை அடுத்த வீட்டுப் போனில் அதே ஐடியைத் திறக்கிறான், இந்த முறை காசு எங்கிருந்து வருகிறது என்பதே வீட்டுக்குத் தெரியாது. அந்த அம்மாவும் மகனும் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். மாதம் முந்நூறு ரூபா, அதற்கு மேல் இல்லை, எதற்குப் போனது என்று கொப்பியில் எழுதிக் காட்ட வேண்டும். நானும் என் பங்குக்கு, பெரியவர் ஒருவர் கூட வராமல் எந்தப் பிள்ளைக்கும் டயமண்ட் போடுவதை நிறுத்திவிட்டேன். போனைப் பூட்டத் தெரியாதவர்கள் கடைக்குக் கொண்டுவந்தால் நானே செய்து காட்டுகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.