மடிக்கணினி திருடு போனால்: முதல் ஒரு மணி நேரமும், அதற்கு முந்தைய ஒரு மாலைப் பொழுதும்

கைப்பேசி திருடு போனால் அதைத் தேடுவதற்கு ஓர் எண் இருக்கிறது. ஐ.எம்.இ.ஐ. எனப்படும் அந்த 15 இலக்க எண்ணை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்துவிட்டால், எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தக் கைப்பேசி இந்திய வலையமைப்புகளில் இயங்காதபடி முடக்கிவிடலாம். மடிக்கணினிக்கு இப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. சிம் செருகும் வசதியுள்ள ஒருசில மாதிரிகளைத் தவிர மற்றவற்றுக்கு ஐ.எம்.இ.ஐ. எண்ணே இல்லை, அடிப்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணை எந்தச் செல்பேசிக் கோபுரமும் கேட்பதில்லை. ஆகவே, களவு போன மடிக்கணினி தன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டுமானால், அதற்கான ஏற்பாட்டை உரிமையாளர் முன்னதாகவே செய்து வைத்திருக்க வேண்டும். ஏற்கெனவே பறிகொடுத்துவிட்டு இதைப் படிப்பவர்களுக்கு அவகாசம் இல்லை என்பதால், திருட்டுக்குப் பின் செய்ய வேண்டியதை முதலிலும், முன்னேற்பாட்டை அதன் பிறகும் சொல்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம்

கைப்பேசியிலிருந்தோ வேறொருவர் கணினியிலிருந்தோ உங்கள் கணக்கைத் திறந்து, கருவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் கணினியாக இருந்து, அதில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதி முன்பே இயக்கப்பட்டிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையதளத்தில் கருவிகளின் பட்டியலுக்குச் சென்று கடைசி இருப்பிடத்தைப் பார்க்கலாம். அங்கிருந்தே கணினியைப் பூட்டவும் செய்யலாம். ஆனால் தனிநபர் கணக்கில் தொலைவிலிருந்து தரவை அழிக்கும் வசதி இல்லை. ஆப்பிள் மடிக்கணினியாக இருந்தால் 'ஃபைண்ட் மை' மூலம் அதைத் தொலைந்த கருவியாகக் குறியிட்டுப் பூட்டிவிடுங்கள். அழிப்பதற்கான ஆணையைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்வது நல்லது; அழித்த பிறகு அதைத் தேடுவது கைகூடாமல் போகலாம். எக்காரணம் கொண்டும் அந்தக் கருவியை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடக் கூடாது. நீக்கினால், உங்கள் கடவுச்சொல் இல்லாமல் வேறெவரும் பயன்படுத்த முடியாதபடி தடுக்கும் 'ஆக்டிவேஷன் லாக்' விலகி, வாங்குபவர் அதைப் புதிய கணினிபோல் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார். 'உங்கள் கருவி கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் கடவுச்சொல்லைக் கொடுங்கள்' என்று சில நாள்களில் குறுஞ்செய்தி வந்தால், அது பெரும்பாலும் அந்தப் பூட்டைத் திறப்பதற்காகத் திருட்டுக் கும்பல் அனுப்புவதே.

அடுத்தது கடவுச்சொற்கள். மற்ற கணக்குகள் அனைத்தையும் மீட்கும் சாவி மின்னஞ்சலே என்பதால் அதிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கணினியிலிருந்து கணக்கை வெளியேற்றுவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் உங்கள் கருவிகளின் பட்டியலைத் திறந்து, அந்த மடிக்கணினி கடைசியாக எப்போது, எந்த ஊரிலிருந்து இணைந்தது என்பதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவையுங்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால், பக்கத்தின் அடியில் அண்மைய நடமாட்ட விவரங்களும், இணைய இணைப்புகளின் அடையாள எண்களான ஐ.பி. முகவரிகளும் கிடைக்கும். திருட்டுக்குப் பிந்தைய நேரத்தில் அறிமுகமில்லாத ஐ.பி. முகவரி ஒன்று தென்பட்டால், காவல் துறைக்குக் கொடுக்க அதைவிட நல்ல துப்பு வேறில்லை. முகவரியோடு தேதியையும் நேரத்தையும் நொடி வரைக்கும் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. இந்தியாவில் செல்பேசி இணைய நிறுவனங்கள் ஒரே ஐ.பி. முகவரியை ஒரே சமயத்தில் ஏராளமான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், நேரம் இல்லாத முகவரியைக் கொண்டு எவரையும் அடையாளம் காண முடியாது.

குறித்துக்கொண்ட பின் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடுங்கள். கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, இணைக்கப்பட்ட கருவிகள் என்ற பகுதியில் மடிக்கணினியை நீக்குவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், டெலிகிராமும் அப்படியே. உலாவியில் சேமித்து வைத்திருந்த வங்கிக் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பணம் ஏதும் நகர்ந்திருப்பது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். திருடனைப் பிடிப்பதற்காக ஏதேனும் ஒரு கணக்கைத் திறந்தே வைத்திருக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வன்தட்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருந்து, அந்தக் கணக்கில் இழப்பதற்கு ஒன்றும் இல்லையென்றால் வைத்திருக்கலாம்; இல்லையென்றால் கணினியைவிடக் கணக்குகளே பெரிது என்பது என் கருத்து. அலுவலகக் கணினியானால் இதற்கெல்லாம் முன்பே தொழில்நுட்பப் பிரிவுக்குச் சொல்லிவிட வேண்டும். தொலைவிலிருந்து அழிக்கும் வசதி பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும். திட்டுக்குப் பயந்து திங்கள்கிழமை வரை தள்ளிப்போடுவது நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

காவல் நிலையத்தில்

புகாரில் நிறுவனம், மாதிரி, நிறம், வரிசை எண், வாங்கிய தேதி, விலை, அடையாளக் கீறல்கள், ஒட்டிய ஸ்டிக்கர்கள் ஆகியவற்றையும், கடைசியாக எப்போது, எங்கே பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வரிசை எண் நினைவில் இருக்காது. அது வாங்கிய அட்டைப்பெட்டியின் பக்கவாட்டிலும், பல சமயம் பில்லிலும், உத்தரவாதப் பதிவின் மின்னஞ்சலிலும் இருக்கும். 'தவறவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று சில இடங்களில் யோசனை சொல்வார்கள். திருடு போயிருந்தால் திருடு போனது என்றே எழுதுங்கள். தொலைந்துபோன பொருளைத் தேடி எவரும் விசாரணை நடத்தப்போவதில்லை. காப்பீட்டு நிறுவனமும் அந்தச் சொல்லைக் காரணம் காட்டியே கோரிக்கையை மறுத்துவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தருவார்கள். அது புகார் வந்து சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டுமே. முதல் தகவல் அறிக்கை ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியாகவும் கொடுக்கலாம், ஆனால் 3 நாள்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம்; அதற்கும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவரை நாடலாம். வீட்டில் அல்லது பயணிகள் வாகனத்தில் நடந்த திருட்டு, தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை தண்டனைக்குரியது. மற்ற திருட்டுகளுக்குரிய 303ஆம் பிரிவில் முதன்முறைக் குற்றத்துக்கு அது 3 ஆண்டு வரைதான். எனவே எங்கே வைத்து எடுக்கப்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஓடும் ரயிலில் பறிபோயிருந்தால் அடுத்த பெரிய நிலையத்தில் இறங்கிப் பயணத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயணச்சீட்டுப் பரிசோதகர், ரயில் மேலாளர் (கார்டு) அல்லது உடன்வரும் ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் புகார்ப் படிவம் இருக்கும். நிரப்பிக் கொடுத்தால் அது இருப்புப்பாதைக் காவல் துறைக்குப் போய்ச் சேரும். 139 என்ற எண்ணிலும் உடனே தெரிவிக்கலாம். விமான நிலையத்தில் சோதனைத் தட்டிலிருந்து காணாமல் போயிருந்தால், அதே நிறத்தில் அதே மாதிரிக் கணினி வைத்திருந்த வேறொரு பயணி மாற்றி எடுத்துச் சென்றிருக்கவும் வாய்ப்புண்டு. முதலில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினரிடம் கேளுங்கள்.

துப்புக் கிடைத்த பின்

வரைபடத்தில் புள்ளி தெரிந்ததும் நண்பர்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்விடத் தோன்றும். போகாதீர்கள். மடிக்கணினியில் பெரும்பாலும் ஜி.பி.எஸ். இல்லை, சுற்றிலும் உள்ள வைஃபை வலையமைப்புகளை வைத்துக் கணக்கிடப்படும் இருப்பிடம் ஒரு தெருவே தள்ளிக் காட்டலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் எந்த மாடி என்பதை அது சொல்லாது. தவறான கதவைத் தட்டிவிட்டு நீங்களே குற்றம் சாட்டப்பட்டவராகும் வாய்ப்பும் இருக்கிறது. இருப்பிடத்தையும் ஐ.பி. விவரத்தையும் எழுத்து மூலமாக விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள்; இணைய நிறுவனத்திடம் வாடிக்கையாளர் விவரத்தைக் கேட்டுப் பெறும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு.

நீங்கள் செய்யக்கூடியது சந்தையைக் கவனிப்பது. பழைய பொருள்களை விற்கும் இணையதளங்களில் உங்கள் மாதிரியைத் தேடிப் பாருங்கள். சென்னையானால் ரிச்சி தெருவில் பழைய கணினிகளை வாங்கி விற்கும் கடைகளுக்கு வரிசை எண்ணைக் கொடுத்து வையுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், நேர்மையான கடைக்காரர்கள் அந்தத் துண்டுச் சீட்டை அலட்சியமாக எறிந்துவிடுவதில்லை. நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பழுதுநீக்கும் மையத்துக்கும் தெரிவிக்கலாம். கணினி அங்கே பழுதுக்கு வந்தால் வரிசை எண்ணைத்தான் முதலில் பதிவார்கள்.

கணினி கிடைத்துவிட்டாலும் உடனே கைக்கு வந்துவிடாது. அது வழக்கின் சொத்தாக நீதிமன்றத்துக்குப் போகும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்து இடைக்காலப் பொறுப்பில் பெற வேண்டும். கைப்பற்றிய பொருள்களைக் காவல் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் முடக்கி வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லியிருப்பதை வழக்கறிஞர்கள் இத்தகைய மனுக்களில் எடுத்துக்காட்டுவார்கள். அசல் பில் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம் திண்டாடுகிறார்கள். கிடைக்காமலே போனால், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றைக் காவல் துறையிடம் பெற்றுக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் பூட்டை உடைத்து நுழைந்த தடயம் இல்லாத திருட்டுக்குப் பல வீட்டுக் காப்பீடுகள் பணம் தருவதில்லை.

முன்னேற்பாடு

இனி வருவது, கணினி இன்னும் கையில் இருப்பவர்களுக்கு. ஒரு மாலைப் பொழுது ஒதுக்கினால் போதும்.

முதல் வேலை மறையாக்கம். விண்டோஸில் நுழைவதற்குக் கடவுச்சொல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் ஏராளம். ஒரு திருப்புளியால் அடிமூடியைக் கழற்றி, வன்தட்டை வேறொரு கணினியில் பொருத்தினால், அந்தக் கடவுச்சொல்லைக் கேட்காமலே குடும்பப் புகைப்படங்களிலிருந்து ஆதார் நகல் வரை எல்லாம் திறந்துகொள்ளும். விண்டோஸின் ப்ரோ பதிப்பில் 'பிட்லாக்கர்' என்றும், ஹோம் பதிப்பில் கருவி மறையாக்கம் என்றும் இருக்கும் வசதியை இயக்கினால் இது நடக்காது. ஆப்பிளில் அதன் பெயர் 'ஃபைல்வால்ட்'. அண்மைக்காலக் கணினிகளில் இது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். அமைப்புகளில் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிட்லாக்கருக்கு 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. மதர்போர்டு மாற்றினாலோ கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் ஏதேனும் மாறினாலோ கணினி அதைக் கேட்கும்; இல்லையென்றால் திருடனுக்கு மூடிய கதவு உங்களுக்கும் மூடிக்கொள்ளும். அதைத் தாளில் அச்சிட்டு வீட்டு ஆவணங்களோடு வையுங்கள். மடிக்கணினிப் பைக்குள்ளேயே வைத்திருப்பவரையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, இருப்பிடம் காட்டும் வசதி. விண்டோஸ் 11இல் அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்புப் பகுதிக்குள் அது இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில், நிர்வாகி உரிமையோடு நுழைந்திருந்தால் மட்டுமே அது இயங்கும். கடைக்காரர் விண்டோஸ் போட்டுக் கொடுக்கும்போது 'அட்மின்' என்றோ கடையின் பெயரிலோ ஓர் உள்ளூர்க் கணக்கை உருவாக்கிவிடுவது இங்கே வழக்கம். அந்தக் கணக்கையே ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வசதி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. கேமராவில் படம் எடுத்து அனுப்பும் 'ப்ரே' போன்ற தனி மென்பொருள்களும் உண்டு. ஆயினும் திருடியவர் வன்தட்டை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிவிட்டால் இவையெல்லாம் போய்விடும் என்பதால், பயாஸுக்கு நிர்வாகிக் கடவுச்சொல் வைத்து, யு.எஸ்.பி. வழியே தொடங்குவதைத் தடுத்துவிடுவது மூன்றாவது வேலை. அந்தக் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நிறுவனம் பில்லைக் கேட்கும்.

அடிப்பக்கத்து வரிசை எண்ணையும் பில்லையும் படமெடுத்து மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளி வன்தட்டிலோ மேகக் கிடங்கிலோ ஒரு நகல் இருக்கட்டும்.

மற்றவை பழக்கங்கள். விடுதிகளிலும் மேன்ஷன்களிலும் விடியற்காலையில், காற்றுக்காகத் திறந்து வைத்த கதவு வழியே நுழைபவருக்கு ஒரு நிமிடம் போதும். பல் துலக்கப் போகும்போதும் பூட்டிவிட்டுப் போங்கள். நூலகத்திலும் பொது அலுவலக அறைகளிலும் மேசைக் காலோடு பிணைக்கும் கென்சிங்டன் பூட்டு உதவும். வெட்டுக்கருவியோடு வருபவரை அது தடுக்காது என்றாலும், போகிறபோக்கில் எடுத்துச் செல்பவரைத் தடுக்கும். ரயிலில் கீழ்ப் படுக்கையின் அடியில் உள்ள வளையங்கள் சங்கிலி பூட்டுவதற்காகவே இருக்கின்றன. பூட்ட மனமில்லாதவர்கள் பையைத் தலைக்கு வைத்து, அதன் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு படுக்கலாம். ஆம்னி பேருந்து நள்ளிரவில் மோட்டலில் நிற்கும்போது, தேநீருக்கு இறங்கினாலும் பையோடு இறங்குங்கள். காரில் போகிறவர்களிடம் 'டயரில் காற்று இல்லை', 'ஆயில் ஒழுகுகிறது' என்று சொல்லியோ, கீழே சில பத்து ரூபாய்த் தாள்களைச் சிதறவிட்டோ கவனத்தைத் திருப்பி, மறுபக்கக் கதவைத் திறந்து பையை எடுத்துச் செல்வது பழைய தந்திரமானாலும் இன்றும் பலித்துக்கொண்டிருக்கிறது. இறங்கிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் எல்லாக் கதவுகளையும் பூட்டிவிட்டு இறங்குங்கள். கணினியை டிக்கியில் வைப்பதானால், வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே வைத்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கையிலிருந்து எடுத்து டிக்கிக்குள் வைப்பது, வாகன நிறுத்துமிடத்தில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எந்த வண்டியை உடைக்கலாம் என்று காட்டிக் கொடுப்பதாகும்.