குளிர்கால ஓட்டத்தில் யாரும் பின்தங்காமல் இருக்க

ஞாயிறு காலை குழுவாக ஓடும் நீண்ட ஓட்டத்துக்கு "இன்று 10 கிலோமீட்டர்" என்று தூரத்தைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்லுங்கள். எல்லோரும் ஒன்றாகக் கிளம்பி, 30 நிமிடம் ஆனதும் அவரவர் நிற்கும் இடத்திலேயே திரும்ப வேண்டும். செல்போனில் 30 நிமிட அலாரம் போதும். வேகமாகப் போனவர் அதிக தூரம் போயிருப்பார், மெதுவாகப் போனவர் குறைவாக. ஆனால் அவரவர் போன வேகத்திலேயே திரும்பினால் எல்லோரும் ஒரு மணி நேரத்தில் கிளம்பிய இடத்துக்கு ஏறக்குறைய சேர்ந்தே வந்துவிடுவார்கள்.

டெல்லி ஜனவரிக் குளிரில் இது பெரிய விஷயம். முதலில் வந்தவர் மற்றவர்களுக்காக வியர்வையில் நனைந்த பனியனோடு நின்றால் பத்தே நிமிடத்தில் உடம்பு விறைத்துவிடும். கடைசியில் வருபவருக்கோ, எல்லோரையும் காக்கவைக்கிறோமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் பல புதியவர்கள் அடுத்த வாரம் வருவதில்லை. 40 நிமிடம்தான் முடியும் என்பவர் 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பி, தான் கிளம்பிய 20-ஆவது நிமிடத்தில் திரும்பட்டும். அவரும் கூடவே வந்து சேர்வார்.

போகும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அவசியம். ஆரம்பத்திலேயே பாய்ந்தால் திரும்பும்போது கால் ஓயும், கணக்கும் தப்பும்.

லோதி தோட்டம் போன்ற சுற்றுப்பாதைக்கும், இடைவெளி விட்டு வேகமாக ஓடும் பயிற்சிக்கும் இது சரிவராது. எதிரே வரும் வண்டி தெரியாத மூடுபனியிலும், காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டிய நாளிலும் வெளியே ஓடவே வேண்டாம். வீட்டுக்குள் உடற்பயிற்சி செய்யுங்கள்.