பிங் வருது, பில்லிங் வரல

கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்க்கும் மாங்கூழ் ஆலையில் பில்லிங் சர்வர் அடிக்கடி அறுந்துகொண்டே இருந்தது. பிங் அடித்தால் (நெட்வொர்க்கில் 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்ப்பது) பதில் வரும், பில்லிங் மென்பொருள் மட்டும் திறக்காது. கேபிள், ஸ்விட்ச், ஃபயர்வால் எல்லாம் பார்த்தாயிற்று. இன்டர்நெட்காரர் ரவுட்டரை மாற்றச் சொன்னார். உள் நெட்வொர்க்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ!

சரி என்று சர்வரின் கேபிளையே பிடுங்கிவிட்டு, அதன் ஐபி எண்ணான (நெட்வொர்க் முகவரி) 192.168.1.50-க்குப் பிங் அடித்தேன். அப்போதும் பதில்! அதில் டிடிஎல் (பதிலோடு வரும் ஓர் எண், இயங்குதளத்துக்கு ஏற்ப மாறும்) 64 என்றிருந்தது. எங்கள் விண்டோஸ் சர்வர் என்றால் 128 வரும். எந்த ஐபி எண் எந்தக் கருவியிடம் என்று காட்டும் 'ஆர்ப் -ஏ' கட்டளை போட்டால், சர்வருடையது இல்லாத வேறொரு மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்). தேடிப்போனால், எடைமேடையில் புதிதாக மாட்டிய கேமராவின் டிவிஆர் (பதிவுப் பெட்டி). சர்வருக்குக் கையால் கொடுத்த ஐபி எண்ணையே டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக எண் வழங்கும் சேவை) அதற்கும் கொடுத்திருக்கிறது.

டிஹெச்சிபி வழங்கும் எண்களை 192.168.1.100-இலிருந்து தொடங்க வைத்து, டிவிஆர் புது எண் வாங்கட்டும் என்று அதை அணைத்து மறுபடி போட்டேன். அப்புறம் அறுபடவில்லை.